ஒண்டோ, கனக்கவோ?

"தம்பி, உது ஒண்டோ, கனக்கவோ?" என்று மாமா கேட்டார். செதில் ஒட்டியிருந்த அவருடைய விரல், சின்னத் திரையில் தெரிந்த ஒரு பெரிய மீன் படத்தின் மேல் நின்றது. நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். அலைகள் என்ற அலகைப் பதினொரு வருடமாகக் கரும்பலகையில் எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். தலையீடு, அடிப்புகள், மேற்பொருந்துகை எல்லாம் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அன்றைக்கு முல்லைத்தீவின் கள்ளப்பாட்டுக் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், எஞ்சினை நிறுத்திவிட்டு மிதந்துகொண்டிருந்த போட்டில், அந்தக் கேள்விக்கு ஒரு கணம்கூட யோசிக்காமல் பதில் சொன்னேன். "ஒண்டுதான் மாமா. நல்ல பெரிசு. பாரையாய் இருக்கவேணும்."

மாமா பெரிய கண் வலையை விட்டார். இரண்டு மணித்தியாலம் கழித்து இழுத்தபோது அதில் இருந்தவை ஏழெட்டுச் சூடை மீன்கள். அவையும் வலை மடிந்து சுருண்ட இடத்தில் தற்செயலாகச் சிக்கியவை. எங்களுக்குக் கொஞ்சம் வடக்கே சிறு கண் வலையோடு நின்ற போட் அன்று காலை பெட்டி பெட்டியாகச் சூடையோடு கரைக்கு வந்தது. நாங்கள் பார்த்த அந்தப் "பெரிய மீன்" ஒரு சூடைக் கூட்டம். எங்கள் வலைக் கண்ணுக்குள்ளால் அது பாட்டுக்குப் போய்விட்டது. மாமா என்னை ஏசவில்லை. வாடிக்குள் போய் மண்ணெண்ணெய்க் கணக்கை எழுதிவிட்டு, "பரவாயில்லை, பிளேன்ரீ குடி" என்றார். ஏசியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

அந்த மீன் படத்தைக் காட்டிய சோனார்ப் பெட்டியை, அதாவது தண்ணீருக்குள் சத்தம் அனுப்பி எதிரொலியால் மீன் தேடுகிற கருவியை, மச்சான் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தவன். போன் அளவில் ஒரு திரை, நீண்ட ஒரு வயர், அதன் நுனியில் தண்ணீருக்குள் வைக்கிற கறுப்பு உருண்டை. மாமா அதற்கு வைத்த பெயர் "மீன் ரீவி". மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றில் ஓடும். பற்றரி என்றாலே தடைசெய்யப்பட்ட பொருள் என்றிருந்த ஒரு காலத்தை இந்தக் கடலோரத்தில் வாழ்ந்தவர் அவர். பற்றரியைக் கொழுவும்போதெல்லாம் ஒருமுறை சிரிப்பார், ஏன் என்று சொல்லமாட்டார். நானும் கேட்பதில்லை.

அன்று பின்னேரமே பெட்டியோடு வந்த கையேட்டை எடுத்து வாசித்தேன். மீன் படம் காட்டுகிற வசதி ஒன்று இருக்கிறது, அதை நிறுத்தியும் வைக்கலாம் என்று ஒரு வரி கிடந்தது. நிறுத்தினால் வெறும் கோடுகளும் புள்ளிகளும்தான் தெரியும். அதாவது, தண்ணீருக்குள்ளிருந்து திரும்பி வருவது வெறும் சத்தம். அந்தச் சத்தம் ஓரளவுக்கு மேல் பலமாக இருந்தால் பெட்டி ஒரு மீனைக் கீறிவிடும், இன்னும் பலமாக இருந்தால் பெரிய மீனைக் கீறிவிடும். அது மீனைப் பார்த்ததே இல்லை. சத்தத்தின் அளவைத்தான் அளந்தது. மீனின் எதிரொலி ஏறத்தாழ அதன் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் பாவிக்கிற கணக்கு. 12 சென்றிமீற்றர்ச் சூடை ஒன்றைவிட, அதே சாதியான உடம்புவாகு கொண்ட 48 சென்றிமீற்றர் மீன் நான்கு மடங்கு நீளம், ஆகவே பதினாறு மடங்கு எதிரொலி. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பதினாறு சூடைகளின் எதிரொலி ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால், பெட்டிக்கு அது ஒன்றரை அடி மீன் ஒன்று. பெட்டி பொய் சொல்லவில்லை. நான்தான் அதன் வாயால் பொய் சொல்லியிருக்கிறேன்.

மேற்பொருந்துகையை மாணவர்களுக்குப் படிப்பிக்கும்போது இரண்டு அலைகளைத் தனித்தனியாகக் கீறி, பிறகு கூட்டிக் காட்டுவோம். பரீட்சையிலும் அப்படித்தான் வரும். கூட்டிய அலையை மட்டும் தந்துவிட்டு, இதற்குள் எத்தனை அலை இருந்தன என்று கேட்கிற கேள்வியை எந்தக் கடந்தகால வினாத்தாளிலும் நான் கண்டதில்லை. மாமா கேட்டது அதைத்தான்.

வற்றாப்பளை ஒலிபெருக்கி

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் கம்பங்களில் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவில், ஒன்றுக்குக் கிட்டவாகவும் மற்றதற்கு எட்டவாகவும் நின்றால் ஒரே மேளக் கச்சேரி இரண்டு தரம் காதில் விழும். தவில்காரர் ஒரு அடி அடித்தால் "டக்-டக்" என்று இரண்டாகக் கேட்கும். நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டினால் ஒன்றாகத்தான் கேட்கும். முதலாவது ஒலிபெருக்கியின் சுரம் முடிய முன்னமே இரண்டாவதின் சுரம் வந்து அதன்மேல் படுத்துவிடும். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று எந்தக் காதாலும் பிரிக்க முடியாது.

சோனார் அனுப்புகிற சத்தமும் அதேதான். ஒருதரம் போடுகிற சத்தம், அதாவது துடிப்பு, நீளமாக இருந்தால் சுரம், கட்டையாக இருந்தால் தவில் அடி. கடலில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் ஓடும். பெட்டி 0.4 மில்லிசெக்கனுக்குச் சத்தம் போட்டால், தண்ணீருக்குள் இறங்குவது 60 சென்றிமீற்றர் நீளமான ஒரு ஒலித் துண்டு. மேலும் கீழுமாக இரண்டு மீன் நிற்கின்றன என்று வையுங்கள். கீழ் மீனுக்குப் போகிற ஒலி அந்த இடைவெளியைப் போகும்போதும் ஒருதரம், வரும்போதும் ஒருதரம் கடக்கவேணும். ஆகவே இடைவெளி 30 சென்றிமீற்றருக்குக் குறைந்தால், மேல் மீனின் எதிரொலி முடிய முதலே கீழ் மீனின் எதிரொலி வந்து ஏறிவிடும். துடிப்பின் நீளத்தில் பாதி: ஒரு அடி. அதற்குக் கிட்டவாக நிற்கிற இரண்டு மீனும் பெட்டிக்கு ஒரு மீன். அப்போ துடிப்பைக் கட்டையாக்கினால் போச்சு என்று தோன்றும். ஆனால் சத்தத்தைக் கட்டையாக்க ஆக்க அதற்குள் இருக்கிற சக்தியும் குறையும். தூரத்து மீனின் எதிரொலி கடல் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும்.

இதை மாமாவுக்கு வாடியில் வைத்து விளங்கப்படுத்தினேன். தென்னோலையைக் கிழித்து ஒலித் துண்டு என்று காட்டினேன். அவர் தலையாட்டினார். ஆனால் அவருடைய தலையாட்டல் எனக்குத் தெரியும். சங்கக் கூட்டத்தில் அதிகாரிகள் பேசும்போதும் அப்படித்தான் ஆட்டுவார். "சரி வாத்தியார், நீ சொல்லுறாய். பாத்தியோ?" என்றார்.

பார்க்கவில்லை.

இரண்டு பிங்பொங் பந்து

சோதனைக்கு நான் நினைத்த இடம் நந்திக்கடல் களப்பு. அலை இல்லை, வீட்டுக்குக் கிட்ட. ஒரு மீற்றர் சொச்ச ஆழத்தில் பெட்டியைப் போட்டால், ஒரு தரைக்குக் கீழே இன்னொரு தரை, அதற்குக் கீழே மூன்றாவது தரை என்று அடுக்கடுக்காகக் காட்டியது. சத்தம் தரையில் பட்டு, மேலே தண்ணீர் மட்டத்தில் பட்டு, திரும்பத் தரைக்குப் போய் வருகிற கூத்து அது. மாமா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் போட் ஆடியது. கடலுக்கே போனோம்.

பந்து வாங்கினது பாடசாலைக்குப் பக்கத்துக் கடையில். மீன் ஒலியியலில் பிங்பொங் பந்தைத் தொங்கவிட்டுக் கருவியைச் சோதிப்பது பழைய வழக்கம். உள்ளே காற்று இருப்பதால் நன்றாக எதிரொலிக்கும். மீனும் அப்படித்தான். சதையும் முள்ளும் தண்ணீருக்குக் கிட்டத்தட்ட ஒத்த பொருள்கள், ஒலி அவற்றைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப்பைதான் எதிரொலியில் பத்தில் ஒன்பது பங்கைத் தருகிறது. இதில் ஒரு வேடிக்கை, மாமா கடலில் ஆக விரும்புகிற மீன் அறுக்குளா. அதற்குக் காற்றுப்பை கிடையாது. அவருக்கு எது வேண்டுமோ அது திரையில் ஆக மங்கலாகத் தெரிகிற மீன். சொன்னபோது, "விலை கூடின சாமானெல்லாம் ஒளிச்சுத்தான் கிடக்கும்" என்றார்.

பந்தைத் துளைத்தால் தண்ணீர் புகும், கட்டினால் வழுகும். என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, மாமா வலை ஊசியை எடுத்துத் தங்கூசி நூலால் பந்தைச் சுற்றி ஒரு கூடு பின்னினார். நாலு முடிச்சு, பிறகு சுற்றி ஆறு, கழுத்தில் ஒரு சுருக்கு. கையைப் பார்க்கவே இல்லை, கரையைப் பார்த்துக்கொண்டு கதைத்தபடி பின்னினார். பந்து அந்தரத்தில் நிற்கிறது போல இருந்தது, அவ்வளவு மெல்லிய கூடு. வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களில் கருவியை அளவுதிருத்தத் தொங்கவிடுகிற உலோக உருண்டைக்கும் இதே மாதிரித் தங்கூசிக் கூடுதான் பின்னுகிறார்கள் என்று பிறகு ஒரு படத்தில் பார்த்தேன். மாமாவின் முடிச்சு திறமாக இருந்தது.

ஐந்து பாக, அதாவது முப்பது அடி, தண்ணீரில் நங்கூரம் போட்டோம். சித்திரை மாதக் காலை, கடல் எண்ணெய் பூசினது போலக் கிடந்தது. முதலில் ஒரே நூலில் மேலும் கீழுமாக இரண்டு பந்து, கடைசியில் ஈயக்குண்டு. திரையில் மூன்று கோடு விழுந்தது. "என்னடாப்பா, ரண்டு பந்து, மூண்டு கோடு?" என்று மாமா கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. ஈயத்துக்கும் எதிரொலி உண்டு என்பது பிறகுதான் உறைத்தது. ஈயத்தை இன்னும் ஒரு பாகம் கீழே இறக்கிவிட்டு, பந்து இரண்டையும் கிட்டக் கிட்டக் கட்டிக்கொண்டு வந்தோம். ஐந்து அடியில் இரண்டு கோடு. மூன்று அடியில் இரண்டு கோடு. இரண்டு அடியில் இரண்டு கோடும் ஒன்றை ஒன்று தொடப் பார்த்தன. ஒரு அடியில் ஒரு கோடு. கணக்குச் சொன்ன இடத்திலேயே வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு வந்த சந்தோசத்தில் போட்டுக்குள் எழும்பி நின்று மாமாவிடம் ஏச்சு வாங்கினேன்.

நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மாமா முடிக்கவில்லை. "உது மேல கீழ. பக்கத்துப் பக்கத்தில நிண்டால்?" என்றார். மூன்று அடி மூங்கில் தடி ஒன்றை எடுத்து, இரண்டு நுனியிலும் ஒவ்வொரு நூல் கட்டி, பந்து இரண்டையும் ஒரே ஆழத்துக்கு, மூன்று பாகத்துக்கு, இறக்கினார். நடுவில் கறுப்பு உருண்டை. மூன்று அடி இடைவெளி, அதாவது சற்று முன்னர் பளிச்சென்று இரண்டாகத் தெரிந்த அதே இடைவெளி. திரையில் ஒரே ஒரு கோடு.

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு தண்ணீரை எட்டிப் பார்த்தார். காலை வெயிலில் இரண்டு வெள்ளைப் பந்தும் கீழே தெளிவாக, தனித்தனியாகத் தெரிந்தன. திரும்பவும் திரை: ஒன்று. "உதுக்குத் தூரம் மட்டும்தான் தெரியும். பக்கம் தெரியாது" என்றார். ஒரு முழுப் பாடவேளை எடுத்து நான் சொல்லக்கூடியதை அவர் இரண்டு வசனத்தில் முடித்துவிட்டார். எங்கள் பெட்டியின் ஒலிக் கற்றை ஏறத்தாழ 20 பாகை அகலம். மாமா வலை விடுகிற 20 மீற்றர் ஆழத்தில் அந்தக் கற்றை 7 மீற்றர் விட்டமான ஒரு வட்டம். என் வகுப்பறையின் அகலம். அந்த அறைக்குள், ஒரே மட்டத்தில், எத்தனை பேர் எந்த மூலையில் இருந்தாலும் பெட்டிக்கு எல்லோரும் ஒரே ஆள்.

அதைவிட என்னை உலுக்கியது பிறகு நடந்தது. தூரத்தில் ஒரு போட் போனது. அதன் அலை வந்து எங்கள் போட்டை மெல்ல ஆட்டியது, மூங்கில் தடியும் ஆடியது. திரையில் இருந்த அந்த ஒரு கோடு கறுத்தது, மங்கியது, அற்றுப்போனது, திரும்பக் கறுத்தது. மாமா நூலை இழுத்துப் பார்த்தார். பந்து இரண்டும் இருந்தன. எனக்குப் புரிந்தது. பதினொரு வருடமாகப் படிப்பிக்கிற விசயம்தான், ஆனால் அதுவரைக்கும் கண்ணால் கண்டதில்லை. பெட்டியின் மீடிறன் 200 கிலோஹேர்ட்ஸ், தண்ணீரில் அலைநீளம் 7.5 மில்லிமீற்றர். ஒரு பந்து மற்றதைவிடக் கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர், ஒரு அரிசியின் தடிப்பு அளவுக்கு, கீழே போனால் போதும். போய்வருகிற பாதையில் அரை அலைநீளம் பிந்திவிடும். ஒன்றின் முகடு மற்றதின் தாழியில் விழும். இரண்டு பந்தும் சேர்ந்து ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் ஆடினால் முகடும் முகடும் சேரும், வீச்சம் இரட்டிக்கும், சக்தி நான்கு மடங்காகும். இரண்டு பந்து ஒரு கணம் பூச்சியம், மறு கணம் நான்கு. இரண்டு என்ற சரியான விடையை அது எந்தக் கணத்திலும் நின்று சொல்லவில்லை.

கரைக்கு வந்து இதை மாமாவுக்குச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "ஒருக்காப் பாத்துட்டு வலை விடக்கூடாது எண்டு அப்பு சொல்லுறவர்" என்றார். அவருடைய அப்பு கரைவலையில் மண்டாடியாக இருந்தவர். கரையில் நின்று தண்ணீரின் நிறத்தையும் சிலும்பலையும் பறவைகளையும் பார்த்து மீன் வருகிறதைச் சொல்லுகிற ஆள். சிலும்பலைக் கண்டவுடன் சத்தம் போடமாட்டாராம். ஒரு சுருட்டுப் பிடித்து முடிகிற மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

எண்ணுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்

1978 தொடக்கம் 1980 வரை நோர்வேயின் டொக்டர் பிரிட்யோப் நான்சன் என்ற ஆய்வுக் கப்பல் இலங்கைக் கரையைச் சுற்றி எதிரொலியால் மீன் வளத்தை அளந்தது. அதே பெயருள்ள புதிய கப்பல் 2018 இலும் வந்துபோனது. கப்பலில் இருக்கிறவர்கள் மட்டும் சூடைக் கூட்டத்துக்குள் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார்களா என்ன? இல்லை. அவர்கள் பிரிக்கவே பார்ப்பதில்லை. கூட்டம் முழுவதிலுமிருந்து வருகிற ஒலிச் சக்தியைக் கூட்டி, ஒரு மீன் சராசரியாக எவ்வளவு தரும் என்ற எண்ணால் வகுக்கிறார்கள். எங்கள் பந்து பூச்சியத்துக்கும் நான்குக்கும் நடுவில் ஆடியது போலத்தான் கூட்டமும் ஆடும். ஆனால் கப்பல் ஓட ஓட ஆயிரக்கணக்கான துடிப்புகளின் சராசரியை எடுத்தால் கூடுதலும் குறைவும் கழிபட்டு, இரண்டு மீனுக்கு இரண்டு என்ற கணக்கு வந்துவிடுகிறது. 1983 இல் கென்னத் பூட் என்பவர் உயிருள்ள மீன்களை வைத்துச் சோதித்து இதை உறுதிப்படுத்தினார். மண்டாடியின் சுருட்டும் இதுவும் ஒன்றுதான் என்று நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். சரி, கொஞ்சம் மிகைதான்.

ஆனால் வகுக்கிற அந்த எண் எங்கிருந்து வரும்? தனி மீன் ஒன்றின் எதிரொலியை அளந்தால்தானே வரும்? திரும்பவும் மாமாவின் கேள்விக்கே வந்து நிற்கிறோம். இதற்கென்று சல்லடை வைத்திருக்கிறார்கள். திரும்பி வருகிற எதிரொலி, அனுப்பிய துடிப்பின் அளவுக்கே நீளமாக இருக்கவேணும். அதைவிடக் கொழுத்திருந்தால் ஒன்றுக்கு மேல், தள்ளு. நல்ல கருவிகளில் தண்ணீருக்குள் இறங்குகிற தலை நான்கு கூறாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நான்குக்கும் எதிரொலி வந்து சேர்கிற அவத்தை வித்தியாசத்தை, அதாவது அலையின் முந்தல் பிந்தலை, வைத்து மீன் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும். மாமா சொன்ன "பக்கம்" அவற்றுக்குத் தெரியும். ஒரே எதிரொலிக்குள் அந்தத் திசை இங்கும் அங்கும் தாவினால், அது ஒரு மீன் அல்ல, இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள், தள்ளு. இவ்வளவுக்குப் பிறகும் சில சோடி மீன்கள் ஒன்றைப்போல நடித்துக்கொண்டு சல்லடைக்குள்ளால் வந்துவிடும். 1993 இல் சவாடா என்ற யப்பானிய ஆய்வாளரும் அவரோடு வேலைசெய்தவர்களும் இதற்கு ஒரு எல்லை சொன்னார்கள். கருவியால் பிரிக்க முடியாத அந்தச் சிறு கன அளவை ஒரு கட்டம் என்று எடுத்தால், ஒரு கட்டத்துக்குச் சராசரியாக 0.04 மீனுக்கு மேல் இருக்கக்கூடாது. இருபத்தைந்து கட்டத்துக்கு ஒரு மீன். எங்கள் மீன் ரீவிக்கு 20 மீற்றர் ஆழத்தில் அந்தக் கட்டம் 7 மீற்றர் விட்டமும் ஒரு அடித் தடிப்புமான ஒரு தட்டு, ஏறத்தாழ 11.5 கன மீற்றர். கன மீற்றருக்கு ஒரு சூடை மட்டும் நின்றாலும் அதற்குள் பதினொன்று. சூடை அப்படி எட்ட எட்ட நிற்கிற சாதியா?

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. சல்லடை நேர்மையானது, தெரியாததைத் தெரியாது என்று தள்ளிவிடுகிறது, மீன் படம் கீறுகிற வேலை செய்வதில்லை. ஆனால் தள்ளத் தள்ள மிஞ்சுவது யார்? கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரிகிறவை, ஓரத்தில் நிற்கிறவை, இரவில் கூட்டம் கலைந்த பிறகு அலைகிறவை. அவற்றை அளந்து, அந்த அளவை வைத்துக்கொண்டு முழுக் கூட்டத்தையும் வகுக்கிறோம். கூட்டத்தின் நடுவில் நிற்கிற மீன் அதே அளவா? அதே சாய்வில் நீந்துகிறதா? தலை கொஞ்சம் குனிந்தாலே மீனின் எதிரொலி வெகுவாகக் குறைந்துவிடும். ஆய்வாளர்களுக்கு இது தெரியாததல்ல. வலை போட்டுப் பிடித்துப் பார்த்துச் சரிபார்க்கிறார்கள். என்றாலும் முகாமில் இருந்த நாட்களில் என்னைக் குடும்ப எண்ணால் கூப்பிட்டது ஏனோ இந்தப் பகுதியை வாசிக்கும்போது நினைவுக்கு வந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. வந்தது, எழுதிவிட்டேன்.

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்பது அங்கத்தைய வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அதைக் கேட்கப் போன எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, அது நீண்ட ஒரே சுரம் அல்ல, எண்ணற்ற சின்னச் சத்தங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்டது என்று எழுதிவைத்தார். கருவி ஒன்றுமில்லை, வெறும் காதால்தான் கேட்டார், போட்டின் மரத்தில் காதை வைத்தபோது சத்தம் இன்னும் கூடியதாம். அவர் தனித்தனி என்று பிரித்தது எதை வைத்து என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் கேட்டவை ஒவ்வொன்றும் வெவ்வேறு சுரம் என்பதுதான் விடை. மெல்லிய குரலும் தடித்த குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும் காது பிரித்துவிடும்.

இப்போது வருகிற சோனார்கள் இதே வித்தையைத்தான் செய்கின்றன. ஒரே மீடிறனில் கத்தாமல், தாழ இருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகிற ஒரு கூவலை அனுப்புகின்றன. வற்றாப்பளைக் கம்பத்துக்குத் திரும்பி வாருங்கள். நாதஸ்வரக்காரர் சுரத்தை நிறுத்திப் பிடிக்காமல் ஒரு கமகமாக இழுத்தால், முதல் ஒலிபெருக்கி மேல் சுரத்துக்கு ஏறிவிட்ட நேரத்தில் இரண்டாவது இன்னும் கீழ்ச் சுரத்தில் இருக்கும். சத்தம் நீளம்தான், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கிடப்பதும் உண்மைதான், ஆனாலும் இரண்டு என்று தெரிந்துவிடும். வழுக்கலின் அகலம் 50 கிலோஹேர்ட்ஸ் என்றால், ஒரு அடியாக இருந்த பிரிக்கும் எல்லை 1.5 சென்றிமீற்றருக்கு வந்துவிடும். மேல் கீழ் மட்டும்தான், பக்கத்துக்கு இந்த வித்தையும் உதவாது. மச்சானிடம் அப்படி ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லலாம் என்று மாமாவிடம் கேட்டேன். "இருக்கிறது பழகட்டும்" என்றார்.

அவர் பழகிவிட்டார். மீன் படத்தை அன்றைக்கே நிறுத்திவிட்டோம். இப்போது வெறும் கோடு பார்த்துத்தான் தொழிலுக்குப் போகிறார். ஒருநாள் அவர் போட்டில் இருந்து போன் எடுத்து, "ஒண்டுதான் தெரியுது தம்பி, ஆனா கோடு கொழுத்திருக்கு. மினுங்கி மினுங்கி அணையுது. உது கனக்க" என்றார். எதிரொலியின் தடிப்பைப் பற்றியோ சல்லடையைப் பற்றியோ நான் அவருக்கு ஒரு சொல்லும் சொன்னதில்லை. எனக்கே அதை வாசித்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. அவர் பந்துக் கோட்டின் மெலிவையும் கூட்டத்துக் கோட்டின் தடிப்பையும் பார்த்துப் பார்த்துத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். சிறு கண் வலையை விட்டார், சூடை வந்தது.

பிறகு ஆவணியில் ஒரு இரவு. அதே மாதிரிக் கொழுத்த கோடு, அதே மினுக்கம். எந்த வலை என்று கேட்டேன். "ரண்டையும் விட்டிருக்கிறன்" என்றார். ஏன் என்று கேட்க முதல் போனில் சிக்னல் போய்விட்டது. விடிய வாடிக்குப் போனேன். சிறு கண் வலையில் சூடை, நிறைய. பெரிய கண் வலையில் ஒரே ஒரு பாரை, முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட. மாமா அதன் வயிற்றைக் கீறிக் காட்டினார். உள்ளே சமிக்காத சூடைகள். கூட்டத்துக்குள் புகுந்து தின்றுகொண்டிருந்த பாரை அது.

இரவு திரையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். அதை என்னிடம் நீட்டினார். நீலத் திரையில் ஒரு தடித்த சிவப்புக் கோடு, அவ்வளவுதான். "உதுக்குள்ள இவர் எவடத்தில நிண்டவர்?" என்று பாரையைக் காட்டிக் கேட்டார். நான் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். இன்னும் பெருப்பித்தேன். மாமா கத்தியைக் கழுவப் போய்விட்டார். பிங்பொங் பந்து இரண்டும் வாடிக் கப்பில், தங்கூசிக் கூட்டுக்குள், காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தன.